வேலை போன பிறகு மனசைத் திறந்து வைப்பது எப்படி?

கேள்வி: பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 18 ஆண்டுகள் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். வயது 44. இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் டீமையே கலைத்துவிட்டார்கள். மனைவிக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளிடமும், ராஜபாளையத்தில் இருக்கும் அப்பாவிடமும் இன்னும் சொல்லவில்லை. அப்பா நூற்பு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் லேப்டாப் பையோடு கிளம்பி, கப்பன் பார்க் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறேன். வீட்டுக் கடன் ஓடுகிறது. நடந்ததை ஏற்றுக்கொள், புது வாய்ப்புகளுக்கு மனசைத் திறந்து வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எப்படித் திறப்பது? பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா?

பதில்:

தம்பி, அந்தக் கோபத்துக்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். பதினெட்டு வருஷம் ஓர் இடத்துக்குப் போய்வந்த மனிதரிடம், அது இல்லாமல் போன சூட்டோடு "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்? சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

நான் பீன்யாவிலும் அப்புறம் மகாதேவபுராவிலும் தொழிற்சாலைகளில் பர்சனல் பிரிவில் இருந்தவள். யூனிட் மூடும்போது கடைசியாக உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கணக்கு முடித்துக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. ஓய்வுக்குப் பிறகும் வேலை இழந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதை விடவில்லை. இத்தனை பேரைப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். மனசு தானாகவும் திறக்காது, வற்புறுத்தியும் திறக்காது. கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று தெரிந்து, நாளுக்கு ஒரு ஒழுங்கு இருந்து, நாலு பேரோடு பேச்சுவார்த்தையும் இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். அதனால் மனசை இப்போதைக்கு அதன் போக்கில் விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

முதலில், நடந்தது ஓர் இழப்பு. 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் மாற்றங்கள் ஒவ்வொன்றும் மனிதனுக்கு எவ்வளவு பாரம் என்று 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். கணவனோ மனைவியோ இறப்பது 100. வேலையிலிருந்து நீக்கப்படுவது 47. கல்யாணத்துக்கும் 50 கொடுத்திருக்கிறார்கள். நல்லதோ கெட்டதோ, மாற்றம் என்றாலே உடம்பு அதற்கு ஒரு விலை கொடுக்கிறது என்பதுதான் அவர்கள் கணக்கு. அதே பட்டியலில் தூக்க நேரம் மாறுவதற்கு 16, சாப்பாட்டுப் பழக்கம் மாறுவதற்கு 15 என்றும் இருக்கிறது. வேலை போனால் இவையும் கூடவே வந்து சேருகின்றன. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ரொம்ப நடைமுறையானது: வராத மாற்றங்களை நீங்களாக இழுத்துக்கொள்ளாதீர்கள். வீடு மாறுவது, வீட்டை விற்பது, மகளின் பள்ளியை மாற்றுவது எல்லாவற்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

நம்மிடம் ஒருவர் இறந்துபோனால் பதினாறாம் நாள் என்று ஒன்று உண்டு. அதுவரை வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், அழலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அன்றைக்குக் காரியம் முடித்து, சாப்பாடு போட்டு, துக்கத்துக்கு ஒரு வரம்பு கட்டிவிடுவார்கள். வேலை போனால் அப்படி எதுவும் இல்லை. கழுத்தில் கிடந்த டேகையும் லேப்டாப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மின்னஞ்சலோடு அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் டீமில் எத்தனை பேரோ தெரியாது, அவர்களைக் கூப்பிட்டு ஒரு மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுங்கள். கோரமங்களாவோ மடிவாளாவோ, ஏதாவது ஒரு மெஸ் போதும். திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு, நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். இது வீண் செலவு இல்லை.

இன்னொன்றும் செய்யலாம். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல வருஷம் வேலை பார்த்து நீக்கப்பட்ட பொறியாளர்களில் ஒரு குழுவை, தினம் 20 நிமிடம் என்று ஐந்து நாள், வேலை போனதைப் பற்றி மனசில் இருப்பதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால், எழுதாதவர்களைவிட எழுதியவர்களில் அதிகம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது. இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் போடவும் இல்லை, கூடுதலாக யாரையும் பார்க்கவும் இல்லை. கோபத்தைக் காகிதத்தில் இறக்கியதால் நேர்காணலில் அது எட்டிப் பார்க்கவில்லை என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். சிறிய ஆய்வுதான், இதை ஒரு மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நேர்காணல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததோடு அது அப்படியே ஒத்துப்போகிறது. "பழைய கம்பெனியை ஏன் விட்டீங்க" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது குரல் லேசாக ஏறினால்கூடப் போதும், எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்கு முன்பே முடிவெடுத்துவிடுவார்.

சரி, பணம். நீங்கள் கடனைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். ராத்திரி தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்பது என் ஊகம்.

செட்டில்மென்ட் கணக்கை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உரிமை. பணிக்கொடைக்குக் கணக்கில் எடுக்கும் கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும். அந்தச் சம்பளம் 80,000 ரூபாய் என்றால் 18 வருஷத்துக்கு ஏறக்குறைய 8.3 லட்சம் வரும். 30 நாளுக்குள் அதைக் கொடுத்திருக்க வேண்டும், 20 லட்சம் வரை வரி கிடையாது. மீதி விடுப்புக்கான பணம், நோட்டீஸ் காலச் சம்பளம், ரிலீவிங் கடிதம், அனுபவச் சான்று எல்லாம் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் மாதங்கள் ஓடும்.

மருத்துவக் காப்பீட்டை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கம்பெனி கொடுத்தது பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துபோகும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு, அதற்குக் கெடுவும் உண்டு. கெடு தாண்டியிருந்தால் தாமதிக்காமல் புதிதாக ஒன்று எடுங்கள். ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதற்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம் வரை போகலாம். நாள் தள்ளினால் அந்தக் கணக்கும் தள்ளித்தான் தொடங்கும்.

கடன் விஷயத்தில் ஒரு ஆசை வரும்: வந்த பணத்தையெல்லாம் வீட்டுக் கடனில் கட்டி நிம்மதியாகிவிடலாம் என்று. வேண்டாம். மாறும் வட்டியில் இருக்கும் வீட்டுக் கடனை எப்போது முன்கூட்டிக் கட்டினாலும் தனி நபருக்கு அபராதம் கிடையாது. அதனால் ஒரு வருஷம் கழித்துக்கூடக் கட்டலாம். ஆனால் சாதாரணக் கடன் கணக்கில் உள்ளே போட்ட பணத்தை மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு என்று திரும்ப எடுக்க முடியாது. தவணை தவறப் போகிறது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய்க் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். தவணை நிலுவை 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன் கணக்குக்குப் போய்விடும், அப்புறம் வங்கியின் பேச்சே வேறு மாதிரி இருக்கும். செல்போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மனைவியோடு உட்கார்ந்து, அவர் சம்பாதிக்கிறார் என்றால் அதையும் சேர்த்து, இத்தனை மாதம் வண்டி ஓடும் என்று ஒரு எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்த எண் சின்னதாகவே இருக்கட்டும், பரவாயில்லை. தெரியாமல் பயப்படுவதுதான் ஆளைத் தின்கிறது.

இப்போது நான் சொல்ல வேண்டியதில் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வியன்னாவுக்குப் பக்கத்தில் மாரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊர் முழுக்க ஒரே ஒரு ஜவுளி ஆலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்ற மூன்று இளம் ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அந்த ஊருக்குப் போய், வேலை இல்லாத ஊர் எப்படி வாழ்கிறது என்று கவனித்தார்கள். ஜன்னல் ஓரம் நின்று தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தைக்கூடக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை அப்படியே இருந்ததால் அவர்கள் அவ்வளவு நிற்கவில்லை. ஆண்களிடம் நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால், எழுந்தேன், சாப்பிட்டேன், படுத்தேன் என்பதற்கு நடுவில் சொல்ல எதுவும் இல்லை.

அதில் என்னை ரொம்பப் பாதித்தது ஊர் நூலகத்தின் கணக்கு. எல்லோருக்கும் நேரம் கொட்டிக் கிடந்தது. புத்தகம் எடுப்பதற்கான கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். அப்படியும் இரண்டு வருஷத்தில் புத்தகம் எடுப்பது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துபோனது. நேரம் கிடைத்தால் படிப்பேன், கற்றுக்கொள்வேன், புதுசாக ஏதாவது செய்வேன் என்று வேலையில் இருக்கும்போது நாம் எல்லோரும் சொல்கிறோம். ஒழுங்கு இல்லாத நேரம் மனிதனை அப்படி வைத்திருப்பதில்லை. யஹோடா பின்னாளில் இதை விளக்கினார்: சம்பளம் மட்டுமல்ல, நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு, ஊரில் ஒரு இடம், கைக்கு ஒரு வேலை, இந்த ஐந்தையும் சேர்த்துத்தான் வேலை நமக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது போகும்போது ஐந்தும் ஒன்றாகப் போய்விடுகின்றன. உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். உங்கள் மனசு மூடிக் கிடப்பது உங்கள் குணத்தில் உள்ள கோளாறு இல்லை.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் நீங்கள் தினமும் நூலகத்துக்குப் போவதில் பாதி சரி. எழுகிறீர்கள், குளிக்கிறீர்கள், சட்டை மாற்றுகிறீர்கள், வெளியே போகிறீர்கள். அதை விடாதீர்கள். அந்தச் சிவப்புக் கட்டடம் மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் நினைவாகக் கட்டிய மண்டபம். அங்கே காலையிலேயே பேப்பர் படிக்க வந்து உட்காரும் பெரியவர்களையும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளையும் நீங்கள் தினம் பார்த்திருப்பீர்கள். நல்ல இடம். மாற்ற வேண்டியது அந்தப் பொய்யை மட்டும்தான். ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரால் எதையும் படிக்க முடியாது, தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று கண் வாசலிலேயே இருக்கும். வீட்டில் சொல்லிவிட்டு அதே பையோடு அதே நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை வேலை தேடுவது, கற்றுக்கொள்வது. மத்தியானம் யாரையாவது நேரில் பார்ப்பது அல்லது போனில் பேசுவது. சாயங்காலம் வீடு. சனி, ஞாயிறு விடுமுறை. வேலை இல்லாதவருக்கு விடுமுறை எதற்கு என்று தோன்றும். விடுமுறை இல்லாமல் தேடுகிறவர்கள் சீக்கிரமே ஓய்ந்துபோகிறார்கள்.

மகளிடம் சொல்வதைப் பற்றி. பதினைந்து வயசுப் பெண்ணுக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்று நிச்சயம் தெரிந்திருக்கும். காரணம் தெரியாதபோது பிள்ளைகள் தாங்களே ஒரு காரணம் செய்துகொள்கிறார்கள், அது பெரும்பாலும் நிஜத்தைவிடப் பயங்கரமாக இருக்கும். அப்பா அம்மாவுக்குள் சண்டையோ, யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று. நீளமாகப் பேச வேண்டாம். "அப்பா கம்பெனியில எங்க டீமை மூடிட்டாங்க. வேற வேலை தேடிக்கிட்டிருக்கேன். இத்தனை மாசத்துக்குப் பணம் இருக்கு. உன் படிப்புல எதுவும் மாறாது. டியூஷன் தொடரும், வெளியூர்ப் பயணம் மட்டும் இந்த வருஷம் இல்லை." எது மாறும், எது மாறாது என்று இரண்டையும் சொன்னால் அவள் தைரியமாகத் தேர்வுக்குப் படிப்பாள். மாறாது என்று சொன்னதில் உறுதியாக இருங்கள், அது போதும்.

அப்பாவிடம் சொல்லத்தான் உங்களுக்கு ரொம்பத் தயக்கம் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், மில்லில் காலம் கழித்தவர் அவர். லே-ஆஃப், கதவடைப்பு என்ற வார்த்தைகளை நீங்கள் பிறப்பதற்கு முன்பே கேட்டிருப்பார். ஷிப்ட் இல்லை என்று வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களை அவருக்குத் தெரிந்திருக்கும். அது அவருக்கே நடந்திருக்கலாம். பெங்களூரில் ஏசி அறையில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு அப்படி வராது என்று அவர் நினைத்திருப்பார், அந்த வருத்தம் இருக்கும். மற்றபடி உங்களைச் சுற்றி இருப்பவர்களில் இதை நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவராகத்தான் இருப்பார். போனில் வேண்டாம், முடிந்தால் ஒரு வாரக் கடைசியில் நேரில் போங்கள். அந்த நாட்களில் வீட்டை எப்படி ஓட்டினீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு அறிவுரை சொல்லக் கிடைப்பதைவிட, தாங்கள் பட்டதைச் சொல்லக் கிடைப்பது பெரிய ஆறுதல்.

அடுக்குமாடி லிப்டில் "என்ன சார், இப்பல்லாம் வீட்டிலிருந்தே வேலையா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதிலை முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "டெஸ்டிங்ல பதினெட்டு வருஷம் இருந்தேன், எங்க டீமை மூடிட்டாங்க, அடுத்ததைப் பார்த்துக்கிட்டிருக்கேன்." அவ்வளவுதான். முதல் நாலைந்து தடவை தொண்டை அடைக்கும், அப்புறம் பழகிவிடும். இந்த வாக்கியத்துக்கு வேறொரு பயனும் உண்டு, பிறகு வருகிறேன்.

நடந்ததை முழுசாக ஏற்றுக்கொண்டால்தான் புதுசு வரும் என்று உங்களிடம் சொல்கிறார்கள் இல்லையா, அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் கோலார் தங்கவயல் இருக்கிறது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய ஊர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குத் தோண்டிய சுரங்கம். 120 ஆண்டுகள் ஓடியதை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். தாத்தா, அப்பா, பிள்ளை என்று வேறு எதையுமே அறியாத குடும்பங்கள். அங்கிருந்து வந்த ஆட்கள் எங்கள் தொழிற்சாலையிலும் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி, ஒயிட்ஃபீல்டிலோ கே.ஆர்.புரத்திலோ இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து எட்டு மணி ஷிப்ட்டுக்குக் கார்டு அடிப்பார்கள். சாயங்காலம் அதே வழியில் திரும்பி, வீடு சேர ராத்திரியாகிவிடும்.

அவர்களில் ஒருவர்கூடச் சுரங்கம் மூடியதை ஏற்றுக்கொண்டதாக என்னிடம் சொன்னதில்லை. மறுபடி திறப்பார்கள் என்ற பேச்சு பல வருஷம் ஓடியது, அவர்களும் அதை நம்பினார்கள். சுரங்கத்தை மூடினாலும் தங்கம் அடியில் இருக்கிறதே என்பார்கள். நம்பிக்கொண்டேதான் தினமும் ரயில் ஏறினார்கள். ஊரிலேயே உட்கார்ந்து காத்திருந்தவர்களுக்கும் அதே நம்பிக்கைதான், அதே துக்கம்தான். ரயில் ஏறியவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் பெங்களூர் பழகியது, இங்கே நாலு மனிதர்களைத் தெரிந்தது, வேறு தொழில்கள் கண்ணில் பட்டன. அதனால் பழைய வேலை திரும்பக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், இருக்கட்டும். அதைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். கிளம்பினால் போதும்.

எங்கே கிளம்புவது? மனிதர்களிடம். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டனுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வேலை மாறியவர்களிடம் அந்தத் தகவல் யார் மூலம் கிடைத்தது என்று விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்ப்பவர்கள் 27.8 சதவீதம். 1973-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றைக்கும் பேசப்படுகிறது. காரணம் எளிது: நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்ததே. உங்கள் பழைய டீமில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே ஐந்து நிறுவனங்களுக்குத்தான் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அரைகுறையாகத் தெரிந்த ஆட்களின் உலகம் வேறு, அங்கேதான் நமக்குத் தெரியாத செய்தி இருக்கிறது.

இதை நான் கண்ணால் பார்த்த ஒரு கதை உண்டு. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெண், தருமபுரிப் பக்கம். யூனிட் மூடியபோது வயசு நாற்பதை ஒட்டி இருக்கும். "எனக்கு இந்த ஒரு வேலையைத் தவிர எதுவும் தெரியாது மேடம்" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். என்ன வேலை என்று கேட்டால் சொல்லக்கூடத் தெரியவில்லை, "சும்மா பிஎஃப், இஎஸ்ஐ" என்றாள். மகனை டியூஷனில் விடும்போது தினமும் பார்க்கும் இன்னொரு பையனின் அப்பா, சிக்பேட்டையில் துணி மொத்த வியாபாரம். என்னம்மா வேலைக்குப் போகலையா என்று அவர் கேட்டபோது, யூனிட் மூடினதையும் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதையும் சொல்லியிருக்கிறாள். அவருக்கு அப்போதுதான் கடையில் ஆட்கள் இருபதைத் தாண்டி, பிஎஃப் பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் சலான் கட்ட வேண்டும், யார் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் எது நிற்கும், ஆதாரில் பிறந்த தேதி வேறாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஒரு கடைக்குச் செய்தாள். அவர் அடுத்த கடைக்காரரிடம் சொன்னார். இப்போது அவள் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு ஒரு சின்ன அறையில் அதையே தொழிலாகச் செய்கிறாள். ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது: முதல் வருஷம் பழைய சம்பளத்தில் பாதிகூட வரவில்லை. கணவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

அந்தப் பெண் முன்கூட்டியே மனசைத் திறந்து வைத்துக்கொண்டு டியூஷன் வாசலில் நிற்கவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான். லிப்டில் சொல்வதற்கு ஒரு வாக்கியம் கொடுத்தேனே, அதன் பயன் இதுதான். வேலை போனதை மறைக்கிறவரை உங்களுக்கு எது தெரியும் என்பதையும் சேர்த்து மறைக்கிறீர்கள்.

உங்களுக்கு எது தெரியும்? கையால் செய்யும் டெஸ்டிங் வேலைகள் சுருங்கி வருகின்றன, அதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதே பெயரில், அதே சம்பளத்தில் ஒன்றை மட்டும் தேடினால் ரொம்ப நாள் ஆகலாம். ஆனால் ஒரு பொருள் எங்கே உடையும் என்று முன்கூட்டியே யோசிப்பது, உடைந்ததை அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி எழுதுவது, வெளியிடும் தேதி நெருங்கும்போது "இன்னும் தயாராகவில்லை" என்று நாலு பேர் முன்னால் சொல்வது, இவையெல்லாம் பதினெட்டு வருஷத்துப் பழக்கம். மருத்துவக் கருவி செய்யும் இடங்களில், வங்கி மென்பொருளில், தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டில் இதற்கு இடம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களைத் தேடிப் பிடியுங்கள். பழைய கம்பெனியில் வெண்டர் பக்கம் இருந்தவர், கல்லூரியில் ஒன்றாகப் படித்துப் பத்து வருஷமாகப் பேசாதவர், அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் எப்போதோ அறிமுகமானவர். வேலை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். உங்கள் வேலையில் ஒரு நாள் எப்படிப் போகிறது, உங்களுக்குத் தலைவலி கொடுப்பது எது என்று கேளுங்கள். ஆட்கள் அரைமணி நேரம் பேசுவார்கள், முடிக்கும்போது அவர்களாகவே இன்னொருவர் பெயரைச் சொல்வார்கள்.

கண்ணில் படும் எதையும் சின்னதாகச் செய்து பாருங்கள். பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுக்கலாமா என்று தோன்றினால், ஒரு சனிக்கிழமை விருந்தினர் வகுப்பு. சொந்தமாக ஏதாவது தொடங்க ஆசை என்றால், முதல் இரண்டு வாடிக்கையாளரை வீட்டிலிருந்தே பார்த்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் நஷ்டமில்லாமல் திரும்பி வர முடியுமா என்பது மட்டும்தான் கேள்வி. முடியும் என்றால் இறங்குங்கள். முடியாது என்றால் இந்த ஆறு மாதத்துக்குள் வேண்டாம், எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும். செட்டில்மென்ட் பணம் வந்திருப்பது தெரிந்தால் ஏதாவது ஒரு கம்பெனியின் கிளையை (ஃப்ரான்சைஸ்) எடுத்து நடத்தச் சொல்லியும், வேலை உத்தரவாதம் என்று லட்சக்கணக்கில் பயிற்சிக் கட்டணம் கேட்டும், வேலை தர வைப்புத்தொகை கேட்டும் ஆட்கள் வருவார்கள். வேலை கொடுப்பவர் பணம் கேட்டால் அங்கே வேலையே இல்லை என்று அர்த்தம்.

உடம்பையும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூக்கம் இல்லை, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணம் தலை காட்டுகிறது, சாயங்காலக் குடி கூடிப்போகிறது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்பது மத்திய அரசின் டெலி-மானஸ் எண், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நேரில் போக நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சலுக்குப் போவது போல இதற்கும் போகலாம்.

ஊருக்குத் திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மகள் பொதுத்தேர்வு முடிக்கும் வரை அந்தப் பேச்சே வேண்டாம். தேர்வு முடிந்ததும் மூன்று பேருமாக ராஜபாளையம் போய் ஒரு பதினைந்து நாள் இருங்கள், விருந்தாளியாக இல்லாமல், அங்கேயே குடியிருப்பவர்கள் மாதிரி. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போய், அங்கே மென்பொருள் பூங்காக்களில் இருப்பவர்களிடம் சம்பளம் எவ்வளவு, வேலை எப்படி என்று விசாரியுங்கள். பதினொன்றாம் வகுப்புக்கு அங்கே எந்தப் பள்ளி என்று மகளே போய்ப் பார்க்கட்டும், அவள் அபிப்பிராயத்துக்கும் கணக்கில் இடம் கொடுங்கள். மனைவிக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும் என்பதையும் அதே பயணத்தில் பார்த்துவிடுங்கள். பெங்களூர் வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும், தவணையில் அது எவ்வளவைத் தாங்கும் என்று இப்போதே நாலு பேரிடம் கேட்டு வைக்கலாம், கேட்பதற்குக் காசு இல்லை. அந்தப் பதினைந்து நாளும் அந்த எண்களும் கையில் வந்த பிறகு எழுதுங்கள், மீதியை அப்போது பேசுவோம்.